மாற்று உறுதி

எனக்குக் கூலி பக்கத்துக்கு மூன்று சதம்.
நொத்தாரிசு சொல்லச் சொல்ல எழுதுவேன்.
அவர் வெற்றிலை துப்ப எழும்பினால்
பேனையைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

முள்ளியவளைக் கந்தோருக்கு அன்று வந்தவர்கள் மூன்று பேர்.
கோணாமலையர்: குளத்தின் கீழே
பன்னிரண்டு மரக்கால் விதைப்பு வயலுக்கு உடையவர்.
வீரகத்தியர்: அலைகரைக்கு அப்பால்
ஒன்பது ஏக்கர் மேட்டுக் காணிக்கு உடையவர்.
மூன்றாவது, வீரகத்தியரின் பெண்சாதி கதிராசி.
அவள் கதவடியில் நின்றாள்.

எழுதினேன்.
நாவற்கண்டம் என்னும் பெயருடைய வயலும்
பாலையடிப்பிலவு என்னும் பெயருடைய மேட்டு நிலமும்
ஒன்றுக்கொன்று ஈடாக.
பெறுமதி இரண்டுக்கும் ரூபா நூற்றிருபது.
உண்மைப் பெறுமதி அதுவல்ல.
முத்திரைக் காசு குறையட்டும் என்று
முற்றத்து வேம்பின் கீழ் பேசி முடித்த இலக்கம்.

எல்லை எழுதுவதுதான் எனக்குப் பிடித்த வேலை.
கிழக்கு, வாய்க்கால்.
வடக்கு, குளக்கட்டு.
மேற்கு, இறந்துபோன பூதரின் உரித்தாளர்.
தெற்கு, முடிக்குரிய காடு.
நான் எழுதிய எந்த உறுதியிலும்
ஏதோ ஒரு திசையில் அந்தக் காடு வந்து நிற்கும்.
உடையவன் கடலுக்கு அப்பால்.
கையொப்பம் வைக்க ஒருநாளும் வந்ததில்லை,
யானைகளை மட்டும் இந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருப்பான்.

"கைநாட்டு" என்றார் நொத்தாரிசு.
வீரகத்தியர் பெருவிரலை நீட்டினார்.
"அவருடையது பிறகு. முதல் என்ரை" என்றாள் கதிராசி.

மேலே நான் பிழையாக எழுதிவிட்டேன்.
மேட்டுக் காணிக்கு உடையவர் வீரகத்தியர் அல்ல.
அது அவள் சீதனம்.
அவர் சம்மதித்தவர் மட்டும்.
வெட்டித் திருத்தினேன். ஓரத்தில்
எல்லோரும் சுருக்கெழுத்து வைத்தார்கள்.

பிறகும் அவள் விரல் மையில் தோயவில்லை.
"அதிலை ஒரு பாலை நிக்குது."
"நிலத்தோடை மரமும் போகும், பிள்ளை."
"போகட்டும். ஆனியிலை பழுக்கிற பழத்திலை
வருசம் ஒரு கடகம் எனக்கு வேணும். எழுதுங்கோ."
கோணாமலையர் சிரித்தார்.
"கரடி விட்டு வைச்சால் எடன்."
"கரடிக்கு முந்தி எண்டு எழுதுங்கோ."

நொத்தாரிசு என்னைப் பார்த்தார்.
இரண்டு வரிக்கு நடுவே நெருக்கி எழுதினேன்.
எறும்பு ஊர்ந்தது போல இருக்கும்,
ஆனால் வாசிக்கலாம்.

கார்த்திகை. பயிர் ஒரு சாண்.
கோணாமலையரின் எருமைக்கடா இரண்டும்
இரவு பட்டியை முறித்துக்கொண்டு
நாவற்கண்டத்தில் இறங்கிவிட்டன.
எட்டு வருசம் உழுத சேறு.
மாடு உறுதி வாசிக்காது.
விதானையார் கட்டாக்காலி என்று பதிந்தார்.
தண்டம் இரண்டு ரூபா.

கோணாமலையர் என்னிடம் பிரதி கேட்டு வந்தார்.
"எந்த எல்லையைத் தாண்டினது, வாசி."
வாசித்தேன். கிழக்கு, வாய்க்கால்.
"அதை வெட்டினவன் நான்."
மடியை அவிழ்த்துக் காசை எண்ணினார்,
திரும்பவும் எண்ணினார்.
"அந்தத் தண்ணியிலை எனக்கொரு முறை
எண்டு இதிலை இல்லையோ?"
"இல்லை."
"ஏன் இல்லை?"
"நீங்கள் கேட்கவில்லை."

கனநேரம் அந்த நெருக்கி எழுதிய வரியையே
பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு
எழுத்துத் தெரியாது. இடம் தெரியும்.

தை பிறக்க முதல் மூன்று பேரும் மறுபடி வந்தார்கள்.
கதிராசி தண்டக் காசை வாங்கவில்லையாம்.
அவருக்கு வெள்ளிக்கிழமை இரவுத் தண்ணீர்,
மேட்டில் கத்தரிக்குப் போதும்.
அவளுக்கு இனி இரண்டு கடகம்.
"கரடிக்கு முந்தி" என்றார் கோணாமலையர்,
இம்முறை அவரே.

திருத்த உறுதிக்கு முத்திரை புதிது.
எழுத்து அரைப் பக்கம்தான் வந்தது.
முழுப் பக்கமென்று கணக்கு வைத்தேன்.